வெங்காயம் உள்நாடா, வெளிநாடா

மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்காத ஆயி, கேட்டுரு. அந்த நாத்தம் என் பையிலேருந்துதான் வருது. எலி கிலி ஒண்ணும் செத்துக் கெடக்கல. வெங்காயம். அழுகுன வெங்காயம். ஜன்னலை நல்லாத் தள்ளி விட்டுக்க. காத்து வந்தா கொஞ்சம் தாங்கும். நான் பையைக் கால் நடுவுல இடுக்கி வச்சுக்கறேன்.

கண்டக்டரு ஏறும்போதே கேட்டான். "என்னா பாட்டி, பொணத்தையா தூக்கிட்டு வர்ற?"ன்னு. "ஆமாண்டா, ஏற்றுமதிக் கொள்கையோட பொணம்"னேன். அவனுக்கு வெளங்கல. ஓசி டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில திணிச்சுட்டுப் போயிட்டான்.

நீ எங்க எறங்கணும்? பாடாலூரா? அப்ப நான் உனக்கு முன்னாடி எறங்கிருவேன். வேலிக்காடு பிரிவு ரோடு. இவன் ஒவ்வொரு புளிய மரத்துக்கும் நின்னு நின்னு போவான், மெதுவாத்தான் போய்ச் சேருவோம். நெஞ்சு வெந்து போயி வர்றேன் ஆயி. யாருகிட்டயாவது கொட்டலைன்னா வெடிச்சுருவேன்.

என்னை உனக்குத் தெரியல போலருக்கு. மைக்கு தையல்நாயகின்னா இந்தப் பக்கம் தெரியாதவங்க கெடையாது. உனக்கு வயசு பத்தாது. பெரம்பலூர் ஜில்லாவே ஆகாத காலத்துல நான் கட்சிக்கு வந்தவ. அன்னிக்கு சந்தை மேட்டுல கூட்டம். பேச வந்தவருக்குத் தொண்டையே இல்ல, அது போதாதுன்னு மழை பேஞ்சு மைக்கு செட்டும் புஸ்ஸுன்னு போயிருச்சு. ஜனம் எந்திரிச்சுப் போகுது. என் மவன் வயித்துல இருக்கான், நான் கத்திரிக்கா வாங்க வந்தவ. எங்கேருந்துதான் வந்துச்சோ, "வாழ்க"ன்னு ஒரு கொரல் குடுத்தேன் பாரு, அந்தக் கோடியில மாடு புடிச்சுக்கிட்டு நின்னவன் திரும்பிப் பாத்தான். அன்னிக்கே மேடையில ஏத்திட்டாங்க. மைக்கு இல்லாமப் பேசினவளுக்கு மைக்குன்னே பேரு. அந்தக் கத்திரிக்காயை அங்கயே விட்டுட்டு வந்து மாமியாகிட்ட வாங்கின ஏச்சு வேற கதை.

எங்க விட்டேன்? நாத்தம். ஆமா.

எங்களுக்கு சின்ன வெங்காயம்தான் வெள்ளாமை. இந்த வருஷம் காய் பொன்னு மாதிரி வெளஞ்சுது. அறுத்து, தாளோட கட்டி, பட்டறை போட்டாச்சு. பட்டறைன்னா உனக்குத் தெரியும்ல? கல்லை அண்டக் குடுத்து, மூங்கி வெச்சு, கீத்து வேஞ்சு, காத்தாட வெங்காயத்தை அடுக்கி வைக்கறது. நல்ல வெலை வர்ற வரைக்கும் அதுல கெடக்கும். மலேசியாக்காரன், சிங்கப்பூர்க்காரன்லாம் நம்ம காய்தான் திம்பான். மண்டிக்காரரு நாளைக்கு லாரி வருதுன்னு சொல்லிட்டுப் போறாரு, மறுநா டெல்லியிலேருந்து உத்தரவு வருது. வெங்காயம் நாடு தாண்டக் கூடாது. வடக்க எங்கயோ பெரிய வெங்காயம் வெலை ஏறிப் போச்சாம், அதுக்கு நம்ம சின்ன வெங்காயத்துக்கும் சேத்துப் பூட்டு. லாரியும் வரல, மண்டிக்காரரும் அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டல.

என் மவன் இளங்கோ சிங்கப்பூர்லதான் கட்டட வேலை பாக்குறான். அவன் போன்ல சொல்றான், "யம்மா, இங்க கடையில சின்ன வெங்காயம் கண்ணுலயே காணோம். மருந்து மாதிரி எண்ணிக் குடுக்கறான்"னு. அங்க புள்ளை ஏங்குறான், இங்க பட்டறையில மூட்டை மூட்டையா மொளை விடுது. நடுவுல ரெண்டு மழை வேற. கீத்து ஒழுகி ஒரு மூலை பூரா கொழகொழன்னு ஆயிருச்சு.

இதுல ஒண்ணு சொல்லிடறேன், யாராவது உன்கிட்ட வேற மாதிரி சொல்லுவாங்க. நம்ம கட்சி டெல்லியில கூட்டணியில இருந்தப்பவும் இதே தடை வந்துச்சு. அது வேற. நீ ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது. அது ஏழைபாழை வயித்துக்காகப் போட்ட தடை. இது கேடுகெட்ட தடை. அப்ப நானே ஊர் ஊராப் போயி விளக்கப் பொதுக்கூட்டத்துல விளக்கினேன், எல்லாருக்கும் வெளங்குச்சு, எங்க வீட்டுக்காரருக்குத்தான் வெளங்கல. டிராக்டர்ல வெங்காயத்தை ஏத்திக்கிட்டுப் போயி நாலு வழிச் சாலையில கொட்டிட்டு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. நான் மேடையில நிக்கிறேன், கீழேருந்து ஒருத்தன் "அக்கா, மாமாவை ஜீப்புல ஏத்திட்டாங்க"ங்கறான். நான் என்ன பண்ண? பேச்சைப் பாதியில விடலாமா? நன்றி சொல்லி முடிச்சுட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். அதுக்கப்புறம் அந்த மனுஷன் கண்ண மூடுற வரைக்கும் என் கூட்டம் ஒண்ணுக்கும் வரல. பிடிவாதம்னா பிடிவாதம், அவங்க வம்சத்துக்கே அது உண்டு.

அன்னிக்கு அந்த டிராக்டர்ல அவர் பக்கத்துல உக்காந்து போனவதான் வேம்பு. என் மருமவ. இளங்கோ சிங்கப்பூர் போனதுலேருந்து காடு கரை எல்லாம் அவ பொறுப்புதான். நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. ஆனா வாயே தொறக்க மாட்டா. நான் பத்து வார்த்தை பேசினா அவ ஒண்ணு பேசுவா, அந்த ஒண்ணு ஊசி மாதிரி ஏறும்.

நேத்து சாயங்காலம் பக்கத்துல வந்து உக்காந்தா. "அத்த, நாளைக்கு உங்க எம்.பி. பெரம்பலூர் வர்றாராம்ல?"

"ஆமாண்டி. அரசின் உள்நாட்டு, வெளிநாட்டுக் கொள்கைகளைக் கண்டித்து மாபெரும் ஆர்ப்பாட்டம். நானும் பேசறேன்."

"அவரு மறுநா டெல்லி சபையில பேசப் போறாராமே. டிவில சொன்னான்."

"ஆமா. வெளிநாட்டுக் கொள்கை மேல விவாதம். மெய்யரசன் எந்திரிச்சாருன்னா ஆளுங்கட்சிக்காரன் நடுங்குவான்."

"அவரு வெங்காயத்தைப் பத்தி ஒரு வார்த்தை அங்க கேக்கணும் அத்த. இன்னொரு மழை பேஞ்சா பட்டறையைப் பிரிச்சுக் குப்பையில கொட்ட வேண்டியதுதான்."

"நான் மேடையிலயே சொல்லிடறேன்டி. அஞ்சு நிமிஷம் குடுத்துருக்காங்க."

"நீங்க சொல்ல வேணாம்"ங்கறா. எப்படி இருக்கு பாரு! "நீங்க ஆரம்பிச்சா வெங்காயம் வர்றதுக்குள்ள எறக்கி விட்டுருவாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயி ஒரு மாலையை எடுத்துட்டு வந்தா. வெங்காய மாலை. மொளை விட்டது, கறுத்தது, புழு வெச்சது, எல்லாத்தையும் கோணி ஊசியால சணல்ல கோத்திருக்கா. சொட்டுச் சொட்டா தண்ணி ஒழுகுது. "இதை அவரு கழுத்துல போட்டுருங்க அத்த. அது போதும். என்னா நாத்தம்னு அவரே கேப்பாரு."

இப்ப இந்தப் பையில இருக்கறது அந்த மாலைதான்.

ஏன் போடலைன்னு கேக்குற, அதான? முழிக்கற முழியிலேயே தெரியுது. நீயே சொல்லு ஆயி. டெல்லி வரைக்கும் போற மனுஷன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெஞ்சு வரைக்கும் சந்தன வாசனை. அந்தக் கழுத்துல கொண்டு போயி அழுக மாலையப் போட எந்தக் கை துணியும்? கட்சியில எனக்குன்னு ஒரு மரியாதை இல்லையா? எதிர்க்கட்சிக்காரன் படத்தைப் புடிச்சு, "சொந்தக் கட்சிக்காரியே போட்டா அழுகல் மாலை"ன்னு போட மாட்டானா?

விடியக்காலம் வேம்பு காட்டுக்குப் போனதும் விட்டத்தைப் பாத்தேன். விதைக்காய் தொங்குது. அடுத்த பட்டத்துக்கு ஊனறதுக்காக ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கொத்துக் கொத்தாக் கட்டி வச்சிருக்கா. செகப்புக் கல்லு மாதிரி மின்னுது. ரெண்டே ரெண்டு கொத்தை உருவினேன். ரெண்டு கொத்துல என்ன கொறைஞ்சு போகும்? புதுசா ஒரு மாலை கோத்தேன். நடுநடுவுல ஜிகினா நாடா, அடியில ஒரு ரோஜாப்பூ. கல்யாண மாப்பிள்ளைக்கே போடலாம், அப்படி ஒரு மாலை. வேம்பு கட்டினதை வீட்டுல விட்டா அவ கண்ணுல படும்ல? அதான் அதையும் பையில போட்டுக்கிட்டேன். வழியில எங்கயாவது எறிஞ்சுரலாம்னு பாத்தா, எங்க பாத்தாலும் கேமரா. குப்பை போட்டா அபராதம்னு போர்டு வேற. நாள் பூரா பொணத்தைச் சுமந்தது போலத்தான் சுமந்தேன்.

ஆர்ப்பாட்டம் பழைய பஸ் ஸ்டாண்டு முன்னாடி. போனதும் மாவட்டம் ஓடி வருது. மாவட்டம்னா யாருன்னு கேப்ப. மாவட்டச் செயலாளரை நாங்க மாவட்டம்னுதான் கூப்புடுவோம். நகரச் செயலாளர்னா நகரம். "மாவட்டம் டீ குடிச்சுச்சா?", "நகரத்துக்கு வயித்துப் போக்கு"ன்னு நாங்க பேசறதைக் கேட்டா வெளியாளுங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

மாவட்டம் சொல்லுது, "தையலக்கா, நீங்க வெளிநாட்டுக் கொள்கையைக் கண்டிச்சிருங்க. உள்நாட்டை நகரம் கண்டிக்குது. அஞ்சு நிமிஷம்தான். பன்னெண்டு மணி வரைக்கும்தான் போலீஸ் பர்மிஷன்."

"சரி மாவட்டம். அப்ப வெங்காயம்?"

"வெங்காயம் விவசாயம்க்கா. அது உள்நாடு. நகரத்துக்கிட்ட சொல்லிருங்க."

நகரத்துக்கிட்ட போனேன். அது செல்போன்ல லைவ் போடறதுக்குக் கோணம் பாத்துக்கிட்டு நிக்குது. "ஏற்றுமதின்னா கப்பல் சமாச்சாரம்க்கா. வெளிநாடு. உங்க தலைப்புல வருது"ங்குது.

திரும்ப மாவட்டத்துக்கிட்ட வந்தேன். "வெளிநாடுங்கறாரு மாவட்டம்."

"கப்பல் ஏறினாத்தான்க்கா வெளிநாடு. உங்க வெங்காயம் இப்ப எங்க இருக்கு?"

"வேலிக்காட்டுல, பட்டறையில."

"அப்புறம்? உள்நாடுதான?"

"தடை போட்டதாலதான மாவட்டம் கெடக்கு!"

"அதான் நானும் சொல்றேன். கெடக்குதுல்ல? உள்நாடு."

இப்படியே பந்து மாதிரி என்னை ரெண்டு பேரும் ஒதைக்கிறாங்க. கடைசியில என்னா முடிவுன்னா, வெங்காயம் உள்நாட்டுலயும் இல்ல, வெளிநாட்டுலயும் இல்ல. சரி போங்கடா, மைக்கு என் கையில வந்தா நான் பேசிக்கறேன்னு மனசுல வச்சுக்கிட்டேன்.

நகரம் மொதல்ல கண்டிச்சுது. சிலிண்டரு, பெட்ரோலு, படிச்ச புள்ளைங்களுக்கு வேலையில்ல, வாக்குறுதி என்னாச்சு, எல்லாம் சரிதான். நல்லாத்தான் பேசுச்சு. ஆனா மேடையில இருக்கறவங்க பேரைச் சொல்லி முடிக்கவே பாதி நேரம். எனக்கு எரிச்சலு. விஷயத்துக்கு வாங்கய்யா, நேரம் போகுதுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. சில பேருக்கு அளவே தெரியாது ஆயி, எடுத்தா விடவே மாட்டாங்க.

அப்புறம் என்னைக் கூப்புட்டாங்க. மைக்கைப் புடிச்சேன். "ஆர்ப்பாட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டச் செயலாளர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகரச் செயலாளர் அவர்களே, ஒன்றியச் செயலாளர்களே, அவைத்தலைவர் அவர்களே, மகளிர் அணி, இளைஞர் அணி, மாணவர் அணி, நெசவாளர் அணி..." இதைச் சொல்லாம முடியாது ஆயி, இது முறை. ஒரு பேரை விட்டோம்னா தீந்துது. போன தடவை வர்த்தகர் அணி துணை அமைப்பாளர் பேரை விட்டுட்டேன், என் பேத்தி காதுகுத்துக்கு வரல அந்த ஆளு. இன்னிக்கு அவர் பேரை ரெண்டு தடவை சொன்னேன். எல்லாம் முடிச்சு, தொண்டையைச் செருமி, "வெங்காயம்"னு வாயைத் தொறக்கறேன், அதே நேரத்துல படபடபடன்னு வெடி. தாரை தப்பட்டை. எம்.பி. வந்துட்டாரு.

எல்லாம் எந்திரிச்சு ஓடுது. சால்வை மேல சால்வை. அவரு பாவம், பாடையில... சீ, என் வாயைப் பாரு. போர்வைக்குள்ள மாட்டின மாதிரி நிக்கிறாரு. ஒவ்வொருத்தரும் போடப் போட அவரு பாக்காமலேயே உருவிப் பின்னாடி நீட்டறாரு, பின்னாடி ஒருத்தன் வாங்கி வாங்கி அடுக்கறான். அது ஓஞ்சு அவர் உக்காந்ததும், "தையலக்கா, நீங்க தொடருங்க"ங்குது மாவட்டம்.

எப்படித் தொடர்றது? எம்.பி. வந்தப்புறம் அவர் பேரை மொதல்ல சொல்லாம பேசலாமா? திரும்ப அடியிலேருந்து ஆரம்பிச்சேன். "தலைநகரில் நம் குரலாய் முழங்கிக்கொண்டிருக்கும் மெய்யரசன் அவர்களே..." அவர்களே, அவர்களே, அவர்களேன்னு வந்து, நெசவாளர் அணிகிட்ட நிக்கிறேன், பின்னாடி யாரோ என் முந்தானையைப் புடிச்சு இழுக்கறாங்க. மாவட்டம். "போதும்க்கா, முடிங்க முடிங்க."

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. "ஆகவே"ன்னேன். "ஆகவே, இந்த அரசின் வெளிநாட்டுக் கொள்கையை வன்மையாகக் கண்டித்து விடைபெறுகிறேன்."

அதுக்கும் கை தட்டினாங்க. என்னத்தைக் கண்டிச்சேன்னு எனக்கும் தெரியல, தட்டினவனுக்கும் தெரியல.

வேம்பு சொன்னது பலிச்சிருச்சுன்னு நெனைக்கிற, அதான? அவ சொன்னது வேற. அவ என் பேச்சைக் கொறை சொன்னா. இது எம்.பி. நேரங்கெட்டு வந்ததால ஆனது.

சரி, நான் கோத்த மாலை இருக்கே. அதை எடுத்துக்கிட்டுக் கிட்ட போனேன். கும்புட்டேன், போட்டேன். அவரு எப்பவும் போல உருவப் போனவரு, கை அப்படியே நின்னுருச்சு. குனிஞ்சு பாத்தாரு. முகர்ந்து பாத்தாரு. நான் அவரு வாயையே பாக்கறேன். கேக்கப் போறாரு, இப்பக் கேக்கப் போறாருன்னு.

மைக்கை இழுத்தாரு. "தாய்மார்களே! பெரியோர்களே! இந்த அரசு நம்மை எவ்வளவோ வஞ்சித்தது. ஆனால் இந்த மண் வஞ்சிக்கவில்லை! பாருங்கள் இந்த வெங்காயத்தை! இந்த அம்மாவின் முகத்தில் உள்ள மகிழ்ச்சியைப் பாருங்கள்! எவன் கெடுத்தாலும் கெடாத செழிப்பு இது!"

ஒரே கைத்தட்டல். போட்டோக்காரனுங்க பளிச்சு பளிச்சுன்னு எடுக்கறானுங்க. நானும் தட்டினேன். ஏன் தட்டினன்னு கேக்காத. மேடையில எல்லாரும் தட்டும்போது ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா? சிரிச்சேன் வேற. போட்டோவுக்கு.

அப்புறம் அவரு வெளிநாட்டுக்குப் போயிட்டாரு. பேச்சுலதான். அண்டை நாடு அத்தனையும் பகையாப் போச்சு, வல்லரசுக்கு முன்னால கை கட்டி நிக்கறான், உலக அரங்குல நம்ம மானம் கப்பலேறுதுன்னு நல்ல கர்ஜனை. மானம் கப்பலேறுதாம். வெங்காயம் ஏற மாட்டேங்குதேய்யான்னு எனக்கு உள்ள கெடந்து கத்துது. தடைன்னு ஒரு சொல்லு? ம்ஹூம். பன்னெண்டு அடிச்சுது, போலீஸ்காரன் விசில் ஊதினான், முடிஞ்சுது.

இருக்குடி, இன்னும் கேளு. கார்ல ஏறப் போனவரு என்னைப் பாத்துட்டு நின்னாரு. எவ்வளவு பெரிய மனுஷன், என் கையைப் புடிச்சாரு! "அம்மா, டெல்லியில இந்தக் காய் கெடைக்கவே மாட்டேங்குதும்மா. பெரிய வெங்காயத்துல சாம்பார் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சு. இதே மாதிரி ஒரு மூட்டை கெடைக்குமா?"

அந்த எடம்தான் ஆயி. அந்த எடத்துல சொல்லியிருக்கணும். மேடை இல்ல, மைக்கு இல்ல, அவர்களே இல்ல. அவரும் நானும் மட்டும். அவராத்தான் வெங்காயத்தைப் பத்திக் கேக்கறாரு. நான் வாயைத் தொறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"தாராளமா தலைவரே."

அம்புட்டுதான் வந்துச்சு.

அதுக்குள்ள மாவட்டம் பூந்துருச்சு. "அக்கா வீடு திருச்சி ரோட்டு மேலதான் தலைவரே. ஏர்போர்ட் போற வழிதான். நிறுத்தி ஏத்திக்கலாம்." என்னையும் கார்ல கூட்டிட்டுப் போவாங்கன்னு பாத்தேன். எடமில்லையாம். சீட்டு பூரா சால்வை அடுக்கி வச்சிருக்கு. "நீங்க பஸ்ல வந்துருங்கக்கா, வீட்டுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிருங்க"ங்குது.

போட்டேன். "வேம்பு, தலைவர் வீட்டுக்கு வர்றாரு. நல்ல காயா ஒரு மூட்டை குடுத்து அனுப்பு"ன்னேன். டொக்குன்னு வச்சுட்டா. நகரம் போட்ட லைவைப் பாத்திருப்பா. ஜிகினா நாடாவைப் பாத்திருப்பா. விட்டத்தையும் அண்ணாந்து பாத்திருப்பா.

வச்சப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது. வீட்டுல நல்ல காய்னு எது இருக்கு? விதைக்காய் ஒண்ணுதான். அதை மூட்டையாக் கட்டிக் குடுத்துட்டா அடுத்த பட்டத்துக்கு எதை ஊனறது? வெத்து நெலத்தை வச்சுக்கிட்டு மாமியாளும் மருமவளும் மொகத்தை மொகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? குடுக்காதன்னு சொல்லத் திரும்பத் திரும்பப் போடறேன், எடுக்கவே மாட்டேங்கறா. சிறுவாச்சூர்ல பஸ் நின்னப்ப கொடி கட்டின கார் வரிசையா ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சுல்ல? நீகூட எட்டிப் பாத்தியே. அவங்கதான். எனக்கு முன்னாடி என் வீட்டுக்குப் போறாங்க. என் விதைய வாங்கிட்டுப் போக.

அவ குடுத்துருவா ஆயி. வீம்புக்குக் குடுத்துருவா. நீங்க சொன்னீங்க, நான் குடுத்தேன்னு ஒரு வார்த்தையில முடிச்சுருவா. அதான் இந்த மனசு கெடந்து...

இரு, அடிக்குது. வேம்புதான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமா வச்சுத்தான் பேசுவேன், தப்பா நெனைக்காத.

"வேம்பு! எடுக்க மாட்டியாடி? வந்தாங்களா?"

"வந்துட்டுப் போயிட்டாங்க அத்த. எறங்கல. கண்ணாடியை எறக்கிக் கும்புட்டாரு."

"மூட்டை?"

"டிக்கியில ஏத்தியாச்சு."

"எதுலேருந்துடி எடுத்த? விட்டத்துலேருந்தா?"

"விட்டத்துல உங்க கை பட்டது போக மிச்சம் அப்படியே தொங்குது."

"அப்ப என்னத்தடி குடுத்த?"

"பட்டறையில, கீத்து ஒழுகின மூலையிலேருந்து அள்ளினேன். சாக்குக்கு மேல பிளாஸ்டிக் சாக்கு போட்டு, வாயை ரெட்டைத் தையலாத் தெச்சுட்டேன். வழியில பிரிச்சா காத்துப் பட்டுக் கெட்டுரும், டெல்லியில போயிப் பிரிங்கய்யான்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷம்மான்னாரு."

"அடிப்பாவி! கட்சி மானம் போச்சேடி!"

"காலையில சாம்பாருக்குப் பிரிப்பாங்கல்ல அத்த. சபைக்குப் போறதுக்கு முன்னாடி."

"வேம்பு..."

"ரசம் வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க, ஆறிரும்."

வச்சுட்டா. பாத்தியா, இதான் அவ. இப்படித்தான்.

சிரிக்காத ஆயி. இதுல சிரிக்க என்ன இருக்கு? நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூட்டத்துக்குப் போவேன்? மாவட்டத்துக்கு ஒரு போன் போட்டாப் போதும், காரியம் முடிஞ்சுது. ஏர்போர்ட்டு போயிச் சேர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. டோல்கேட்டுல நிறுத்தி, தையலைப் பிரிச்சுப் பாத்துட்டு, அங்கயே ரோட்டோரமாக் கொட்டிட்டுப் போயிருவாங்க. இதோ, மொதல் நம்பரே அதான், எனக்கு எழுத்துகூடப் பாக்க வேணாம், கையே போயிரும்.

ரோட்டுலதான் கொட்டுவாங்க.

எங்க வீட்டுக்காரரும் ரோட்டுலதான் கொட்டினாரு. அன்னிக்கு சாயங்காலமே பஞ்சாயத்து வண்டி வந்து வாரிட்டுப் போயிருச்சு. எவன் கேட்டான்?

டவர் இல்ல ஆயி.

என்னது, உன் போன்ல முழுசாக் காட்டுதா? உன்னுது புதுசு, காட்டும். என்னுதுல இல்ல. இந்த எடத்துல எப்பவுமே இருக்காது.

ஐயோ, அடிக்குதே. மாவட்டமே கூப்புடுது பாரு. என்னமோ நன்றி சொல்லக் கூப்புடும், தலைவர் மனசு குளுந்து போனாருன்னு. இதை எப்படி ஆயி அணைக்கறது? பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கும்பாங்களே. எனக்கு அணைச்சுப் பழக்கமில்ல, வாங்கினதுலேருந்து அணைச்சதே இல்ல. நீ அமுக்கு. நல்லா அமுக்கிப் புடி. ஆச்சா? வெளக்கு போயிருச்சா? சரி, குடு.

இதோ வந்துருச்சு பிரிவு ரோடு. டேய் தம்பி, விசில் அடி, எறங்கணும்! என்னடா? பையைத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டு எறங்கணுமா? எறியறதுக்கா இவ்வளவு தூரம் சொமந்துட்டு வந்தேன்? என் மருமவ கட்டின மாலைடா இது. வழியை விடு.

வர்றேன் ஆயி. பேசி முடிச்சா கேட்டவங்க பேரைச் சொல்லி நன்றி சொல்றது எங்க முறை. ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் சொன்னேன், உன் பேரைக் கேக்கவே இல்ல பாரு. பரவால்ல, நாளைக்கு மட்டும் மறக்காம டிவியைப் போட்டுப் பாரு. மெய்யரசன் எந்திரிச்சு எதைக் கண்டிக்கிறாருன்னு.